உயிரணுவின் உட்சட்டமும் அதைக் காட்டும் எதிர்ப்பொருளும்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் உயிரணுவின் படத்தைப் பார்த்த நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும். வட்டமாக ஒரு கோடு. நடுவே உட்கரு என்று ஒரு புள்ளி. இடைவெளியில் சிதறிக் கிடக்கும் சில குறுணிகள். அப்படத்தைப் பார்த்தால் உயிரணு என்பது நீர் நிரம்பிய ஒரு பை என்றே எண்ணத் தோன்றும். அவ்வாறு வெறும் பையாக இருந்தால் அது சரிந்து தட்டையாகி விடாதோ? தோலின் உயிரணு ஓடு வேய்ந்தாற்போல் பரந்து கிடக்கிறது. தசையின் உயிரணு கயிறு போல் நீண்டு சுருங்குகிறது. நரம்பணு ஒன்று முதுகுத்தண்டில் தலையை வைத்துக்கொண்டு, பாதம் வரை ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துக்கு வாலை நீட்டியிருக்கிறது. இவ்வடிவங்களைத் தாங்கி நிற்பது எது? அதனைக் கண்ணால் காண விஞ்ஞானிகள் கையாண்ட வழி எது? இவ்விரு கேள்விகளையும் இப்போது சற்று விரிவாகப் பார்ப்போம்.

கூரை வேய்ந்த பந்தலுக்கு மூங்கிற் கால்களும் குறுக்குக் கழிகளும் இருப்பது போல, உயிரணுவுக்கும் ஓர் உட்சட்டம் உண்டு. அச்சட்டம் புரதத்தால் ஆனது. அதில் மூவகை உறுப்புகள் உள்ளன. ஆக்டின் என்னும் புரதம் கோத்துக் கோத்து அமையும் மெல்லிழைகள் ஒருவகை. அவற்றின் தடிப்பு ஏறக்குறைய 7 நானோமீட்டர். டியூபுலின் என்னும் புரதம் அடுக்கிக் கட்டும் நுண்குழல்கள் மற்றொரு வகை. அவற்றின் விட்டம் ஏறக்குறைய 25 நானோமீட்டர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தடிப்புடைய, ஏறக்குறைய 10 நானோமீட்டர் அளவுள்ள இழைகள் மூன்றாம் வகை. நம் நகமும் தலைமயிரும் ஆக்கப்பட்டிருக்கும் கெரட்டின் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

உயிரணுவுக்கு வெளியேயும் கட்டுமானப் புரதங்கள் உண்டு என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். தோலையும் எலும்பையும் நாண்களையும் இறுக்கிப் பிடித்திருக்கும் கொல்லாஜன் அவற்றுள் தலையாயது. மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு போல் அமைந்தது அதன் உருவம் என்ற கருத்தை, 1954-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவாறு ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழின் வாயிலாக உலகுக்கு அறிவித்தார்கள். ஆனால் இன்று நாம் பேசவிருப்பது உயிரணுவுக்கு உள்ளே இருக்கும் சட்டத்தைப் பற்றியது. அதிலும் நுண்குழலையே முதன்மையாக எடுத்துக்கொள்வோம்.

டியூபுலின் என்பது உண்மையில் இரட்டைப் புரதம். ஆல்பா என்றும் பீட்டா என்றும் பெயருடைய இரண்டு பிள்ளைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450 அமினோ அமிலங்களால் ஆனது. இவ்விரட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரிசையாகின்றன. அத்தகைய வரிசைகள் பெரும்பாலும் 13 சேர்ந்து வட்டமாக நின்றால் ஒரு குழல் உண்டாகிறது. இக்குழல் செங்கற்சுவர் போல் கட்டியபின் அசையாது நிற்பதன்று. ஒரு முனையில் வளர்ந்துகொண்டே செல்லும், திடீரென்று சரிந்து குறுகும், மீண்டும் வளரும். இவ்வியல்பை 1984-இல் மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற இருவர் நிறுவிக் காட்டினார்கள். உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் பழைய குழல்கள் கலைந்து, புதிய குழல்கள் கதிர்வடிவாக அணிவகுத்து, மரபுச் செய்தி தாங்கிய குரோமோசோம்களை இரு பக்கமும் சமமாக இழுத்துச் சேர்க்கின்றன. நரம்பணுவில் இவையே தண்டவாளம். அத்தண்டவாளத்தின்மேல் சரக்கு ஏற்றிய சிறு பைகள் நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை பயணம் செய்கின்றன. தண்டவாளம் பழுதுபட்டால் பாதத்தில் உள்ள நரம்பு முனைக்குச் சரக்கு போய்ச் சேராது.

இவ்வளவு முக்கியமான பொருளை நெடுங்காலம் எவரும் தெளிவாகக் காணவில்லை. காரணம் எளிது. ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு தான் நுண்குழலின் விட்டம். சாதாரண நுண்ணோக்கியில் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரு பொருள்களைத் தனித்தனியே பிரித்தறிய இயலாது; இஃது ஒளியின் இயல்பால் வந்த தடை. மின்னணு நுண்ணோக்கி இத்தடையைத் தாண்டியது. 1963-இல் குளுட்டரால்டிஹைடு என்னும் பதப்படுத்தும் திரவம் வழக்கத்துக்கு வந்தபின், நுண்குழல்கள் சிதையாமல் படத்தில் விழுந்தன. ஆயினும் அந்த நுண்ணோக்கிக்குப் பொருளை மிக மெல்லிய சீவல்களாகச் சீவித் தரவேண்டும். ஒரு சீவலைப் பார்த்து முழு வலையின் அமைப்பையும் சொல்ல முயல்வது, அறுத்த பலகை ஒன்றைப் பார்த்து ஆலமரத்தின் விழுதுகளை எண்ணுவதற்கு ஒப்பாகும்.

இங்கேதான் எதிர்ப்பொருள் துணைக்கு வருகிறது.

எதிர்ப்பொருள் என்பது நம் உடல், அந்நியமான ஒன்று உள்ளே புகுந்தால் அதனைப் பற்றிக்கொள்வதற்காக உண்டாக்கும் புரதம். 1890-ஆம் ஆண்டு ஜெர்மானியராகிய எமில் வான் பேரிங் அவர்களும் ஜப்பானியராகிய கித்தசாத்தோ ஷிபாசபுரோ அவர்களும், தொண்டை அடைப்பான் நஞ்சும் ரண ஜன்னி நஞ்சும் ஏற்றப்பட்டுப் பிழைத்த விலங்குகளின் குருதிநீர் மற்ற விலங்குகளையும் காக்கும் என்று கண்டறிந்தார்கள். அக்குருதிநீரில் இருந்த காப்புப் பொருளே பின்னர் எதிர்ப்பொருள் எனப் பெயர் பெற்றது. அதன் உருவம் கவண்வில்லின் கவட்டைக் கட்டை போன்றது. கவட்டின் இரு நுனிகளும் இலக்கைப் பற்றும். கைப்பிடிப் பகுதி மற்றக் காரியங்களுக்கு. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு குறிப்பிட்ட பொருளின் ஒரு குறிப்பிட்ட சிறு மூலையைத்தான் பற்றும்; பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல. நோய்க்கிருமியைப் பற்றும் இத்திறமையை ஆராய்ச்சிக்குத் திருப்பினால் என்ன?

1941-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ் அவ்வாறே திருப்பினார். நிமோனியாவை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளோடு, புறஊதாக் கதிர் பட்டால் ஒளிவிடும் ஒரு சாயத்தை அவரும் அவருடைய தோழர்களும் பிணைத்தார்கள். கிருமி எங்கே இருக்கிறதோ அங்கே ஒளி தோன்றியது. நுண்குழல் போன்ற மெல்லிய பொருளும் இம்முறையில் எப்படிப் புலப்படும் என்ற ஐயம் எழலாம். திருவண்ணாமலையில் ஏற்றும் கார்த்திகை தீபத்தைத் தொலைவில் நின்று பார்ப்பவர்களுக்குக் கொப்பரையின் அகலமோ திரியின் கனமோ தெரியாது. ஆயினும் தீபம் எந்த இடத்தில் எரிகிறது என்பதில் ஐயமே இராது. இருட்டான பின்புலத்தில் தானே ஒளிவிடும் பொருள் எவ்வளவு சிறிதாயினும் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளதைவிடச் சற்றுத் தடித்துத் தோன்றும்; அவ்வளவே.

இனி, டியூபுலினுக்கு எதிர்ப்பொருள் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். முதலில் தூய டியூபுலின் வேண்டும். மூளையில் அது மிகுதியாக உண்டு. ஆகவே இறைச்சிக் கூடத்திலிருந்து பன்றி அல்லது மாட்டின் மூளையை வாங்கி, பனிக்கட்டியின் குளிர்ச்சியில் அரைக்கிறார்கள். குளிரில் நுண்குழல்கள் கரைந்து தனித்தனி டியூபுலினாகிவிடும். கசடுகளைச் சுழற்றிப் படியவைத்து நீக்கிவிட்டு, தெளிவை 37 பாகை வெப்பத்துக்கு உயர்த்தினால், கரைந்த புரதம் மீண்டும் குழலாகக் கூடும். மறுபடி சுழற்றினால் இப்போது குழல்கள் அடியில் படியும். குளிர்ச்சி, சூடு, குளிர்ச்சி, சூடு என்று சில சுற்றுகள் நடத்தினால் மற்றவை கழிந்து டியூபுலின் தங்கும். பாலைத் தயிராக்கிக் கடைந்து வெண்ணெய் திரட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இம்முறை விநோதமாகப் படாது. சோதனைக் குழாயில் நுண்குழல் மீண்டும் கூடும்படி செய்யலாம் என்பதை 1972-இல் வைசன்பர்க் என்பவர் காட்டினார்.

பிறகு அதனை முயலுக்கு ஊசி மூலம் ஏற்ற வேண்டும். ஆனால் இங்கே ஓர் இடையூறு. டியூபுலினும் ஆக்டினும் மிகப் பழமையான புரதங்கள்; ஈஸ்ட் முதல் மனிதன் வரை அதிகம் மாறாதவை. மாட்டின் டியூபுலினுக்கும் முயலின் டியூபுலினுக்கும் வேற்றுமை மிகக் குறைவு. ஆகையால் முயலின் உடல், "இது நம்முடையதே" என்று கருதிப் பேசாமல் இருந்துவிடும். இவ்விடையூற்றைக் கடக்க 1974-இல் லாசரைடிஸ், கிளாஸ் வெபர் ஆகியோர் ஓர் உபாயம் செய்தார்கள். சுண்டெலி உயிரணுக்களின் ஆக்டினைச் சோப்புப் போன்ற ஒரு பொருளால் உருக்குலையச் செய்து, அந்த உருவிலேயே முயலுக்கு ஏற்றினார்கள். உருக்குலைந்த புரதம் முயலுக்கு அந்நியமாகத் தோன்றியது, எதிர்ப்பொருள் உண்டாயிற்று. தசையின் சொத்து என்று கருதப்பட்டு வந்த ஆக்டின், தசையல்லாத உயிரணுக்களிலும் இழுத்துக் கட்டிய கம்பிகளைப் போல் நீளநீளமாக ஓடுவதை அவர்களுடைய படங்கள் காட்டின. மறு ஆண்டு, அதாவது 1975-இல், வெபரும் பொல்லாக்கும் பிப்ரிங்கும் டியூபுலினை இதே போல் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது கடல் முள்ளெலி என்னும் கடல்வாழ் பிராணியின் விந்தணு வாலிலிருந்து எடுத்த டியூபுலின். கடலில் வாழும் அப்பிராணியின் புரதத்துக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள், பாலூட்டிகளின் உயிரணுக்களில் இருந்த நுண்குழல்களையும் தவறாமல் பற்றியது. உட்கருவின் அருகே ஒரு மையத்திலிருந்து உயிரணுவின் விளிம்பு வரை நூற்றுக்கணக்கான ஒளியிழைகள் பரந்து செல்லும் அக்காட்சியை, நீர்ப்பை என்ற பழைய எண்ணம் தாங்கவில்லை.

ஆயினும் முயலிடமிருந்து பெறும் குருதிநீருக்கு ஒரு குறை உண்டு. அதில் ஒரே எதிர்ப்பொருள் இல்லை. பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். ஒரு முயல் இறந்துவிட்டால் அதே கலவை மறுபடியும் கிடைக்காது. அடுத்த முயல் வேறு கலவையைத் தரும். இக்குறையைத் தீர்த்தவர்கள் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் ஆகிய இருவர். 1975-இல் அவர்கள் செய்தது இது: எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணு உடலுக்கு வெளியே நெடுநாள் வாழாது, புற்றுநோய் உயிரணு ஒன்றோ அழிவின்றிப் பெருகிக்கொண்டே போகும். சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த முன்னதையும், பின்னதையும் ஒன்றாக இணைத்துவிட்டால், பிறக்கும் கலப்பு உயிரணு இரண்டின் குணத்தையும் பெறும். அத்தகைய ஓர் உயிரணுவைத் தனியே பிரித்து வளர்த்தால், அதன் சந்ததி முழுவதும் ஒரே எதிர்ப்பொருளையே சுரக்கும். இதற்கு மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்று பெயர். திரவ நைட்ரஜனில் உறையவைத்தால் அந்த உயிரணுவை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கலாம். அவ்விருவரும் 1984-இல் நீல்ஸ் ஜெர்னேயுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இம்முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் தடையின்றி அதனை மேற்கொள்ள முடிந்தது.

டியூபுலின் ஆராய்ச்சியில் இன்று வரை புழக்கத்தில் உள்ள இரண்டு மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒன்றின் பெயர் 'ஒய்.எல்.1/2'. கேம்பிரிட்ஜில் கில்மார்ட்டின், ரைட், மில்ஸ்டைன் ஆகியோர் ஈஸ்டின் டியூபுலினை எலிக்கு ஏற்றி, 1982-இல் இதனை வெளியிட்டனர். மற்றதன் பெயர் 'டி.எம்.1ஏ'. கோழியின் மூளை நுண்குழல்களைக் கொண்டு சுண்டெலியில் உண்டாக்கப்பட்டு, 1984-இல் வெளிவந்தது. இரண்டும் ஆல்பா டியூபுலினையே பற்றுகின்றன. இரண்டும் வால்பகுதியின் அருகே தான் பற்றுகின்றன. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை, இவ்வேற்றுமையில் தான் சுவையான ஒரு செய்தி அடங்கியிருக்கிறது.

ஆல்பா டியூபுலினின் வால்நுனியில் டைரோசின் என்னும் அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. இதனை ஒரு நொதி கழற்றிவிடும். மற்றொரு நொதி மீண்டும் மாட்டிவிடும். 1970-களில் அர்ஜென்டினா நாட்டின் கோர்தொபா நகரத்து விஞ்ஞானிகள் இந்த மாட்டல்-கழற்றலைக் கண்டுபிடித்தார்கள். புதிதாகக் கட்டிய, நிலையற்ற நுண்குழல்களில் டைரோசின் இருக்கும். நெடுநாள் நிலைத்து நிற்கும் குழல்களில் அது பெரும்பாலும் கழன்றிருக்கும். 'ஒய்.எல்.1/2' பற்றுவது அந்த டைரோசின் உள்ள நுனியை. ஆகவே டைரோசின் கழன்ற குழலின் பக்கம் அது திரும்பியும் பார்க்காது. 'டி.எம்.1ஏ' சற்று உட்புறத்தில் பற்றுவதால் இருவகைக் குழல்களையும் காட்டும். ஒரே உயிரணுவை முதல் எதிர்ப்பொருளால் பார்த்தவர், "இங்கே குழல்கள் குறைவு" என்று எழுதுவார். இரண்டாவதால் பார்த்தவர், "நிறைய உள்ளன" என்று எழுதுவார். இருவரும் தாம் கண்டதையே சொல்கிறார்கள். ஒளி தோன்றாவிட்டால் பொருளே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்ப்பொருள் பற்றும் அந்தச் சிறு மூலை அங்கு இல்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

இது வெறும் நுணுக்கம் பேசுவதாகத் தோன்றலாம். ஆனால் இதயத்தின் கதை இதில் இருக்கிறது. டைரோசின் கழன்ற நுண்குழல்களை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்களும் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கொண்டு பார்த்தபோது, செயல் குன்றிய மனித இதயங்களின் தசை உயிரணுக்களில் இத்தகைய குழல்கள் மிகுந்து, தசை சுருங்குவதற்கும் தளர்வதற்கும் இடையூறாக நிற்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அவ்வுயிரணுக்களில் இக்குழல்களைக் குறைத்தபோது சுருங்கும் வேகம் கூடிற்று. டைரோசினைக் கழற்றும் நொதி இன்னதென்று அடையாளம் காணப்பட்டது 2017-இல் தான். வைத்தியமாக இது கனிய இன்னும் வழி நெடிது. ஆயினும் தேடவேண்டிய திசை தெரிந்துவிட்டது.

சோதனை நடக்கும் விதத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடிச் சில்லின்மேல் வளர்ந்த உயிரணுக்களைக் குளிர்ந்த மெத்தனாலிலோ பார்மால்டிஹைடிலோ இட்டு நிலைப்படுத்துகிறார்கள். பார்மால்டிஹைடு ஆனால், எதிர்ப்பொருள் உள்ளே நுழைவதற்கு உயிரணுவின் சவ்வில் துளையிடச் சோப்புப் பொருள் ஒன்றும் வேண்டும். பிறகு எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, வேறு புரதத்தால் ஒட்டும் இடங்களை நிரப்பிவைக்கிறார்கள். அதன்பின் சுண்டெலியின் எதிர்ப்பொருளை ஊற்றி, கழுவி, அந்தச் சுண்டெலி எதிர்ப்பொருளையே பற்றும்படி வெள்ளாட்டில் உண்டாக்கிய மற்றோர் எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். சாயம் கட்டியிருப்பது இந்த இரண்டாவதில் தான். முதலாவது ஒன்றின்மேல் இரண்டாவது பல வந்து பற்றுவதால் ஒளி பெருகுகிறது. ஒரே வெள்ளாட்டுப் பொருளைக் கொண்டு சுண்டெலியில் பிறந்த எல்லா எதிர்ப்பொருளையும் காணலாம் என்பதால் செலவும் மிச்சம்.

எதிர்ப்பொருள் நாம் நினைத்த புரதத்தைத்தான் பற்றுகிறது என்பதற்கு என்ன சாட்சி? இதுவே இத்துறையின் தலைவலி என்று நான் கருதுகிறேன். புட்டியின்மேல் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதால் உள்ளே இருப்பது அதுவே ஆகிவிடாது. விமென்டின் போன்ற புரதமானால் வழி எளிது: அப்புரதத்துக்கான ஜீனை நீக்கிய உயிரணுவை வளர்த்து, அதில் ஒளி தோன்றுகிறதா என்று பார்க்கலாம். தோன்றினால் எதிர்ப்பொருள் பொய் சொல்கிறது. டியூபுலினை அவ்வாறு முழுதும் நீக்க இயலாது. நீக்கினால் உயிரணு பிழைக்காது. ஆகவே வேறு சாட்சி தேட வேண்டும். உயிரணுவைக் குளிரவைத்தோ, கோல்சிசின் என்னும் மருந்தை இட்டோ நுண்குழல்களைக் கரைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். ஒளிவலையும் உடன் கரைந்தால், பார்த்தது நுண்குழலே என்று நம்பலாம்.

அந்தக் கோல்சிசின் நமக்கு அந்நியமான சரக்கன்று. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுவே. குறிஞ்சிப் பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் மலர்களுள் முதலில் நிற்பதும் காந்தள் தான். திண்டுக்கல், கரூர், திருப்பூர் வட்டாரங்களில் உழவர்கள் பந்தல் போட்டு இக்கொடியை வளர்த்து, விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். இதன் கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து என்று கிராமத்தார் அறிவர். அந்நஞ்சின் வேலை டியூபுலினைப் பற்றிக்கொண்டு குழலாகக் கூடவிடாமல் தடுப்பதே. டியூபுலின் முதலில் கண்டறியப்பட்டதும் இவ்வழியாகத்தான்: மூளையில் கோல்சிசினைப் பற்றும் புரதம் எது என்று தேடிச் சென்றவர்கள் 1960-களின் பிற்பகுதியில் அதனை அடைந்தார்கள். வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகளும் டியூபுலினையே தாக்குகின்றன. அம்மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கைகால் மரத்துப் போவது ஏன் என்பது, நரம்பின் தண்டவாளத்தைப் பற்றி முன்னே சொன்னதை நினைத்தால் விளங்கும்.

எதிர்ப்பொருளின் நம்பகத்துக்கு மீண்டும் வருவோம். சந்தையில் விற்கும் 614 எதிர்ப்பொருள்களை, 65 புரதங்களுக்கு எதிராக, ஜீன் நீக்கிய உயிரணுக்களை வைத்துக் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு சோதித்தது. 2023-இல் வெளிவந்த அதன் முடிவுப்படி, பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு சோதனை முறையிலாவது தோல்வியுற்றன. ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாக ஏறக்குறைய 12 ஆராய்ச்சிக் கட்டுரைகள், தோல்வியுற்ற எதிர்ப்பொருள் ஒன்றை நம்பிப் படம் வெளியிட்டிருந்தன. ஆண்டுக்கணக்கான உழைப்பும் பொதுமக்கள் வரிப்பணமும் இவ்வாறு வீணாவதை எண்ணினால் மனம் கலங்கத்தான் செய்கிறது. 2015-லேயே பிராட்பரி, புளுக்தூன் ஆகியோரும் அவர்களோடு கையொப்பமிட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்களும், எதிர்ப்பொருளின் ஜீன் வரிசையை எழுதிவைத்து, அவ்வரிசையிலிருந்தே மறுபடி மறுபடி உண்டாக்குவதே சரியான வழி என்று வற்புறுத்தினார்கள். கனடாக் குழுவின் சோதனையிலும் அவ்வாறு ஜீன் வழியாக உண்டாக்கப்பட்டவையே மற்றவற்றைக் காட்டிலும் நன்றாகத் தேறின. முயலின் ஆயுளையோ, உறைந்த உயிரணுவின் நலத்தையோ அவை நம்பியிருப்பதில்லை.

டியூபுலின் எதிர்ப்பொருளுக்கு மற்றொரு பணியும் உண்டு. வேறு புரதங்களை அளக்கும் சோதனைகளில், எல்லாப் பாத்திகளிலும் சரக்கு சமமாக ஏற்றப்பட்டதா என்று சரிபார்க்கும் மரக்காலாக அதனை வைத்துக்கொள்கிறார்கள். உயிரணுவில் டியூபுலினின் அளவு அதிகம் மாறாது என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. சோதிக்கும் மருந்து நுண்குழலையே தாக்குவதாயின், அளக்கும் மரக்காலே சுருங்கி விரியும். அப்போது அக்கணக்கை ஒப்புக்கொள்வதற்கில்லை.

இனி ஆய்வுக்கூடத்திலிருந்து வைத்தியசாலைக்கு வருவோம். முன்னே மூன்றாம் வகை என்று சொன்ன இடைநிலை இழைகளில் ஒரு விசேஷம் உண்டு. டியூபுலின் எல்லா உயிரணுக்களிலும் இருப்பது. இவ்விழைகளோ குலத்துக்குக் குலம் மாறுபடும். தோலையும் உறுப்புகளின் உள்வரியையும் மூடும் உயிரணுக்களில் கெரட்டின், தசையில் டெஸ்மின், இணைப்புத் திசுக்களில் விமென்டின், மூளையின் துணை உயிரணுக்களில் ஒருவகை, நரம்பணுக்களில் மற்றொரு வகை. புற்று வைத்து, இருந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் போய்ப் பரவிய உயிரணுவும் தன் குலத்து இழையைப் பெரும்பாலும் விட்டுவிடுவதில்லை. பிழைப்புக்காக எங்கெங்கோ சென்று வாழும் நம்மவர் பேச்சில் சொந்த ஊரின் சாயல் தொனிப்பது போலத்தான். இதனை நோயறியும் கருவியாக்கலாம் என்று 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரத்தில் மேரி ஆஸ்பார்னும், நாம் முன்னே கண்ட கிளாஸ் வெபரும் எடுத்துரைத்தார்கள்.

கழுத்தில் நெறிகட்டி வீங்கியிருக்கிறது. ஊசியால் எடுத்த துண்டில் புற்றுநோய் தெரிகிறது. ஆனால் எந்த உறுப்பில் தொடங்கியது என்று உருவத்தைக் கொண்டு சொல்ல முடியவில்லை. இத்தகைய வேளையில், சீவலின்மேல் கெரட்டின் எதிர்ப்பொருளை இடுகிறார்கள். இங்கே ஒளிர்சாயத்துக்குப் பதிலாக, பழுப்பு நிறம் உண்டாக்கும் நொதி ஒன்று எதிர்ப்பொருளோடு பிணைந்திருக்கும். ஆகவே சாதாரண நுண்ணோக்கியே போதும். பழுப்பு ஏறினால், உறுப்புகளின் உள்வரியில் தோன்றிய கார்சினோமா என்று கருத இடமுண்டு. கெரட்டின் ஏறாமல் டெஸ்மின் ஏறினால் தசையின் வழி வந்ததோ என்று ஆராய்வார்கள். இரண்டுக்கும் கொடுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே எதிர்ப்பொருள் சொல்லும் சாட்சியில் நோயாளியின் ஆயுளே தொங்குகிறது. ஒற்றைச் சாட்சியை எந்த நல்ல நோய்க்குறியியல் வல்லுநரும் நம்புவதில்லை. விமென்டின் பலவகைக் கட்டிகளிலும் தலைகாட்டும். எனவே பல எதிர்ப்பொருள்களைச் சேர்த்து இட்டு, தெரிந்த திசு ஒன்றையும் உடன் வைத்து ஒப்புநோக்கியே முடிவு சொல்வார்கள். அறிக்கையில் 'ஐ.எச்.சி.' என்று எழுதியிருப்பது இச்சோதனையைத்தான். அடுத்தடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இருக்கும். கழித்தல் என்றால் கெடுதல் என்று பயந்துவிட வேண்டாம்; அந்தப் புரதம் அங்கே காணப்படவில்லை என்பது மட்டுமே அதன் கருத்து.

மும்பையிலோ தில்லியிலோ பிலாயிலோ முதற்சோதனை செய்துகொண்டு, பிறகு வேலூருக்கோ சென்னைக்கோ வைத்தியத்துக்கு வரும் நம்மவர் குடும்பங்கள் பல. அவர்களுக்கு ஒரு செய்தி. எடுத்த சதைத்துண்டு முழுவதும் முதற்சோதனையிலேயே செலவாகிவிடுவதில்லை. பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய பெட்டியொன்றில் வைத்திருப்பார்கள். 1991-இல் ஷீ என்பவரும் அவருடைய தோழர்களும், பார்மலினால் மறைந்த புரதத்தின் மூலைகளைச் சூடாக்கிய நீரில் மீட்டெடுக்கும் முறையைக் கண்டறிந்தபின், ஆண்டுகள் பல சென்ற மெழுகுக்கட்டியிலும் எதிர்ப்பொருள் சோதனை செய்ய முடிகிறது. ஆகவே ஊர் மாறும்போது அறிக்கையோடு அந்த மெழுகுக்கட்டியையும் கண்ணாடிச் சீவல்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தரும்போது எண்ணும் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மெழுகு ஏறக்குறைய 56 முதல் 60 பாகை வெப்பத்தில் உருகும். சித்திரை வைகாசி வெயிலில் கதவடைத்து நிறுத்திய மோட்டார் வண்டியின் உள்ளே அதனை விட்டுவைக்காமல் கைப்பையில் வைத்து எடுத்து வாருங்கள். இரயில் பயணமானால் ஜன்னலோரத்தை விட்டு உட்புறமாக வையுங்கள்.